சியன்னா கத்தரீன்: 14 வயதுப் பெண்ணுக்கு இவரைப் பரிந்துரைக்கலாமா?

மணப்பாட்டுக் காற்று:
எல்லோருக்கும் வணக்கம். குடும்ப விஷயம்தான், ஆனால் இங்கே வரலாறு தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். அண்ணன் மகளுக்கு 14 வயது. அடுத்த மாதம் கோயிலில் உறுதிபூசுதல் என்ற திருச்சடங்கு. மறைக்கல்வி வகுப்பில் ஆளுக்கொரு புனிதரைத் தேர்ந்தெடுத்து இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் அந்தோனியார், குழந்தை தெரேசா என்று போய்விட, இவள் மட்டும் சியன்னா கத்தரீன்தான் வேண்டும் என்று நிற்கிறாள். ஏன் என்று கேட்டால், "போப்பையே திட்டி லெட்டர் போட்டவங்க சித்தப்பா" என்கிறாள்.

அண்ணிக்குத்தான் கலக்கம். கத்தரீன் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்தே 33 வயதில் இறந்துபோனார் என்று எங்கோ படித்துவிட்டார். எங்கள் பிள்ளை ஏற்கெனவே காலையில் இட்லியைத் தட்டில் பிய்த்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற ரகம். "வேற சாமியே கிடைக்கலையா?" என்று அண்ணி கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டில் எது உண்மை?

ஜெபமாலை:
இரண்டுமே உண்மைதான் தம்பி, ஆனால் இரண்டும் முழுக்கதை இல்லை. 1347இல் இத்தாலியில் சியன்னா நகரில், துணிக்குச் சாயம் போடும் ஜாக்கோப்போ பெனின்காசாவுக்கும் லாப்பாவுக்கும் பிறந்தவர். வீட்டில் 25 பிள்ளைகள் என்பது மரபுக் கணக்கு. ஆறு வயதில், சாமிநாதர் (டொமினிக்) சபைக் கோயிலுக்கு மேலே இயேசுவைப் போப்பின் உடையில் காட்சி கண்டார். கல்யாணப் பேச்சு எடுத்தபோது தலைமுடியை வெட்டிக்கொண்டார். வீட்டார் கோபத்தில் அவருடைய அறையைப் பிடுங்கிக்கொண்டு வேலைக்காரி வேலை எல்லாம் வாங்கினார்கள். அப்போதுதான் மனதுக்குள்ளேயே ஒரு அறை கட்டிக்கொண்டார், அதை யாரும் பிடுங்க முடியாதென்று. பிறகு சாமிநாதர் சபையைச் சார்ந்த பொதுநிலைப் பெண்களோடு சேர்ந்தார். மந்தெல்லாத்தே என்பார்கள், வெள்ளை அங்கியின் மேல் கறுப்புப் போர்வை. மூன்று வருடம் அறைக்குள் ஜெபம். அப்புறம் வெளியே வந்து நோயாளிகளைக் கவனித்தார். போப்பை ரோமுக்குத் திருப்பிக் கூட்டி வந்தார். 1461இல் புனிதர் பட்டம், 1970இல் மறைவல்லுநர் பட்டம், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர் என்ற மரியாதை. எங்கள் பாட்டி பெயரும் கத்தரீன்தான், அதனால் கொஞ்சம் பாசம் கூடுதல்.

ஒரு எச்சரிக்கை: நவம்பர் 25இல் விழா வருகிறவர் அலெக்சாந்திரியா கத்தரீன், சக்கரம் வைத்திருப்பவர். இவருக்கு ஏப்ரல் 29. பிள்ளை படத்தை மாற்றி ஒட்டிவிடப் போகிறாள்.

பழைய பேப்பர்:
"போப்பை ரோமுக்குத் திருப்பிக் கூட்டி வந்தார்" என்ற வரியை மட்டும் பிள்ளை அப்படியே எழுத வேண்டாம். கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

1309 முதல் போப்புகள் ரோமை விட்டு, இன்றைய தென் பிரான்சில் உள்ள அவிஞ்ஞோனில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் பிரெஞ்சுக்காரர்கள். 11ஆம் கிரகோரிக்கு ரோமுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் கத்தரீனைப் பார்ப்பதற்கு முன்பே இருந்தது. இத்தாலியில் இருந்த திருச்சபை நிலங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன, ஃபிளாரன்ஸோடு போர் மூண்டிருந்தது. சுவீடன் நாட்டு பிரிஜித்தம்மாவும் 1373இல் சாகும்வரை இதே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தரீன் 1376 ஜூனில் அவிஞ்ஞோன் போனது அடிப்படையில் ஃபிளாரன்ஸுக்காக சமாதானம் பேச. அந்த வேலை தோல்வி. பின்னால் வந்து சேர்ந்த ஃபிளாரன்ஸ் தூதர்கள் இவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

கிரகோரி செப்டம்பர் 13ஆம் தேதி கிளம்பினார், 1377 ஜனவரி 17இல் ரோமுக்குள் வந்தார். அடுத்த மாதமே செசேனா படுகொலை. போப்பின் தூதராக இருந்த கர்தினால், ஜெனிவா ராபர்ட், கூலிப்படையை ஊருக்குள் ஏவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார். 1378இல் கிரகோரி இறந்ததும் 6ஆம் உர்பான் தேர்வானார். அவருடைய கோபத்தைத் தாங்க முடியாமல், போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் பிரிந்துபோய் அதே ராபர்ட்டை இன்னொரு போப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே சமயத்தில் இரண்டு போப்பு, பிறகு மூன்று. இது 1417இல்தான் முடிந்தது. ரோமுக்குத் திரும்பியதன் கைமேல் பலன் இதுதான். கத்தரீன் உர்பான் பக்கம் உறுதியாக நின்றார். ஆனால் அந்தப் பிளவு தீர்வதைப் பார்க்காமலே இறந்தார்.

ஜெபமாலை:
எண்ணம் யாருக்கும் இருக்கலாம் சார். கிளம்புவதுதான் கஷ்டம். கிரகோரி பயந்த சுபாவம். சுற்றியிருந்த பிரெஞ்சு கர்தினால்கள் விடவில்லை. படித்த பெரியவர்கள் யாரும் சொல்லத் துணியாததை ஒரு சாயக்காரர் மகள் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு லத்தீன் தெரியாது, போப்புக்கு இவருடைய தொஸ்கானா பேச்சு புரியாது, நடுவில் கத்தரீனின் ஆன்ம குரு ரேமண்ட் சாமியார் மொழிபெயர்த்தார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பழைய பேப்பர்:
அதை மறுக்கவில்லை. "உந்தித் தள்ளினார்" என்று எழுதினால் ஒப்புக்கொள்வேன்.

ஏழாம் வார்டு:
பேச்சு போப்பின் பக்கம் போய்விட்டது. மணப்பாட்டுத் தம்பி கேட்டது சாப்பாட்டைப் பற்றி.

நான் நர்ஸ். சாப்பிட மறுக்கும் பெண்பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். 600 வருடத்துக்கு முன் இறந்தவருக்கு நோயின் பெயர் எழுத நான் தயாரில்லை. 1985இல் ரூடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் இத்தகைய இத்தாலியப் பெண் புனிதர்களின் நோன்பையும் இன்றைய உணவு மறுப்பு நோயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதன்பின் இந்த விவாதம் ஓயவே இல்லை. கரோலின் பைனம் என்ற இன்னொரு வரலாற்றாசிரியர் வேறு விதமாகச் சொன்னார்: அந்தக் காலத்துப் பெண்ணின் கையில் சொத்து இல்லை, பதவி இல்லை, சமையலும் சாப்பாடும்தான் அவள் ஆளுகை, அதனால் நோன்பும் அவள் மொழி. இரண்டு பேரிடமும் எனக்கு எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது.

ஆனால் ஒன்று. கத்தரீனின் அக்கா பொனவெந்தூரா 1362இல் பிரசவத்தில் இறந்தாள். கத்தரீனுக்கு அப்போது 15 வயது. கல்யாண நெருக்கடி, முடி வெட்டியது, உணவைக் குறைத்தது எல்லாம் அந்த நாட்களை ஒட்டியே வருகின்றன. ஒரு மரணம், ஒரு கட்டாயம், பேச இடமில்லாத ஒரு வீடு. இது எனக்குப் பழக்கமான வரிசை. கடைசியில் 1380 ஜனவரியில் பிளவு தீர வேண்டும் என்று தண்ணீரையும் விட்டார். கொஞ்ச நாளில் கால் செயலிழந்தது. ஏப்ரல் 29இல் ரோமில் முடிந்தது. இதைப் பிள்ளையிடம் அழகாக்கிச் சொல்லாதீர்கள். மறைக்கவும் வேண்டாம். அண்ணியின் பயத்தை "சும்மா இரு" என்று தள்ளவும் வேண்டாம். காலை உணவு விஷயம் தொடர்ந்தால் புனிதரோடு சம்பந்தப்படுத்தாமல் நேராக ஒரு டாக்டரைப் பாருங்கள்.

நூலகத்து எலி:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கத்தரீனைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் அவருடைய ஆன்ம குரு ரேமண்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. அது புனிதர் பட்டத்துக்கு ஆதாரம் சேர்க்க எழுதியது. அதில் நோன்பு பெரிய அதிசயம். ஆனால் கத்தரீன் தானே சொல்லி எழுதவைத்த கடிதங்கள் சுமார் 380 கிடைக்கின்றன. அந்தக் குரல் வேறு.

"நீ சாப்பிடாமல் இருப்பது பிசாசின் ஏமாற்று வேலையாக இருக்கப்போகிறது" என்று ஒரு துறவி எழுதிக் கேட்கிறார். கத்தரீன் சண்டைக்குப் போகவில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு, மற்றவர்களைப் போல நானும் சாப்பிட வேண்டும் என்று கடவுளிடம் கெஞ்சுகிறேன், தினமும் ஒன்றிரண்டு தடவை கட்டாயமாக முயன்று பார்க்கிறேன், நீங்களும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் பதில் போகிறது. பெருமை ஒரு சொட்டு இல்லை. தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்கிற குரல் அது.

இன்னொன்றுதான் உங்கள் அண்ணிக்கு. ஓர்வியேத்தோ ஊர் தானியெல்லா என்ற கன்னியருக்கு எழுதியது. தவம் என்பது கருவி, அதையே குறிக்கோளாக்கிக்கொள்ளாதே என்கிறார். உடம்பு பலவீனமாக இருந்தால் நோன்பை விடு, இறைச்சி சாப்பிடு, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதாவிட்டால் நான்கு வேளை சாப்பிடு, நிற்க முடியாவிட்டால் படு, முழங்காலிட முடியாவிட்டால் உட்கார்ந்து ஜெபம் செய். வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், சாரம் இதுதான்.

ஏழாம் வார்டு:
நான்கு வேளை! தனக்கு மட்டும் ஒரு வேளையும் இல்லை. ஊருக்கெல்லாம் மருந்து சொல்லிவிட்டுத் தான் மாத்திரை போடாத ஆட்களை வார்டில் நிறையப் பார்த்தாயிற்று. பெரும்பாலும் எங்கள் நர்ஸுகளேதான்.

நூலகத்து எலி:
இன்னும் கேளுங்கள். 1378 கடைசியில், போப் உர்பான் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்த நேரம். கத்தரீன் அவருக்கு ஐந்து ஆரஞ்சுப் பழம் அனுப்புகிறார். இனிப்பில் ஊறவைத்துப் பதப்படுத்தி, மேலே பொன்தாள் ஒட்டியது. கூடவே செய்முறையும் எழுதுகிறார்: ஆரஞ்சு கசக்கும், அதைத் தண்ணீரில் போட்டு வேகவைத்துக் கசப்பை இறக்க வேண்டும், பிறகு உள்ளே இனிப்பை நிரப்ப வேண்டும். அப்புறம் அதை அப்படியே ஆன்மாவுக்குத் திருப்பிவிடுகிறார். அதாவது, "உங்கள் நாக்கு கசக்கிறது, கொஞ்சம் வேகவையுங்கள்". திருச்சபைத் தலைவரிடம் இதைச் சமையல் குறிப்பு ரூபத்தில் சொல்வதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். சாப்பிடாத பெண் அடுப்படியை மறக்கவில்லை பாருங்கள்.

கிரகோரியை "பாப்போ" என்றுதான் கூப்பிடுவார். நம் பேச்சில் அப்பா. அதே மூச்சில், ஆண்பிள்ளையாக இருங்கள், பயப்படாதீர்கள் என்பார். திட்டுவது என்று உங்கள் அண்ணன் மகள் சொல்வது சரி. ஆனால் அது வீட்டில் மூத்த பெண் அப்பாவைத் திட்டுவது மாதிரி.

கடன்காரன்:
தலை ஒரு ஊரிலும் உடம்பு ஒரு ஊரிலும் இருக்கிறதாமே. இது என்ன பக்தி? பயங்கரம்.

சுட்ட செம்மண்:
அந்தத் தலைக்கு முன்னால் நின்றவன் என்ற முறையில் நான் பதில் சொல்கிறேன். என் பெயரே அந்த ஊர்ச் சரக்குதான். ஓவியர்கள் பர்ன்ட் சியன்னா என்று சொல்லும் நிறம் அங்கிருந்து வந்தது.

வேலை விஷயமாக இத்தாலியில் இரண்டு வருடம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை சியன்னாவுக்குப் போனேன். சான் தொமேனிகோ கோயில் வெளியே வெறும் செங்கல், கோட்டை மாதிரி. உள்ளே வலப்பக்கம் ஒரு சிற்றாலயம். பளிங்குப் பேழைக்குள், கம்பிக்குப் பின்னால், வெள்ளை முக்காடு போட்ட முகம். பயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். சின்னதாக இருந்தது. வற்றிப்போய், உதடு கொஞ்சம் விலகி, பேச வந்து நிறுத்தியது மாதிரி. பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு விரல், கட்டைவிரல். எனக்கு முன்னால் நின்ற ஒரு கிழவி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார், சொந்தக்காரியின் புகைப்படத்தைப் பார்ப்பதைப் போல. உடல் ரோமில் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா கோயிலில் பலிபீடத்துக்குக் கீழே. ஒரு பாதம் வெனிஸில். அந்தக் காலத்துத் திருப்பண்ட வழக்கம் அப்படி, ஒவ்வொரு ஊருக்கும் பங்கு வேண்டும். தலையை ரகசியமாகச் சியன்னாவுக்குக் கொண்டுவந்தபோது காவலர்கள் பையைத் திறக்க, உள்ளே ரோஜா இதழ்கள் இருந்தன என்று கதை.

அதே கோயிலில் அந்திரேயா வான்னி வரைந்த சுவரோவியம் ஒன்று இருக்கிறது. அவர் கத்தரீனை நேரில் அறிந்தவர். மெலிந்த, நீண்ட முகம், கையில் லீலி மலர். என்னைக் கேட்டால் தலையைவிட அதைப் பாருங்கள்.

அங்கிருந்து செங்குத்தான சந்தில் கீழே இறங்கினால் ஃபோந்தேபிராந்தா நீரூற்று. செங்கல் வளைவுகளுக்கு உள்ளே பச்சைத் தண்ணீர். சாயக்காரர்களும் தோல் பதனிடுகிறவர்களும் இதை நம்பித்தான் இங்கே குடியிருந்தார்கள். அவர் வீடும் பக்கத்தில்தான். மேலே நகரப் பேராலயத்துக்குப் போனால், வானத்தில் தனியாக ஒரு பெரிய சுவர் நிற்கும். பேராலயத்தை இன்னும் பெரிதாக்கக் கட்ட ஆரம்பித்து, 1348 கொள்ளைநோயில் ஊரே காலியாகிப் பாதியில் நின்றுபோனது. அஞ்ஞோலோ தி தூரா என்ற அவ்வூர்க்காரர், "என் ஐந்து பிள்ளைகளை என் கையாலேயே புதைத்தேன்" என்று எழுதி வைத்திருக்கிறார். கத்தரீனுக்கு அப்போது ஒரு வயது. சாவு அந்தத் தெருவில் அண்டை வீட்டுக்காரன் மாதிரி. இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கடன்காரன்:
சரி, கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கட்டைவிரல் மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது.

பழைய பேப்பர்:
ஐந்து காய விவகாரத்தை, அதாவது சிலுவையில் இயேசுவுக்கு ஏற்பட்ட காயங்கள் ஒருவர் உடலில் தோன்றுவதை, யாரும் தொடவில்லையே? 1375இல் பீசாவில் கத்தரீனுக்கு ஐந்து காயம் கிடைத்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாதபடி. அது தங்கள் சபையைத் தொடங்கிய அசிசி பிரான்சிஸுக்கு மட்டுமே உரிய வரம் என்று பிரான்சிஸ்கன் சபையார் சண்டை பிடித்தார்கள். பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வந்த போப் 4ஆம் சிக்ஸ்துஸ், கத்தரீனைக் காயங்களோடு படம் வரையவே தடை போட்டார். சபைகளுக்கு நடுவே நடந்த கோயில் மரியாதைத் தகராறு. வேறு ஒன்றும் இல்லை.

நூலகத்து எலி:
அச்சு ஆட்களுக்கு ஒரு துணுக்கு. 1500இல் வெனிஸில் ஆல்டுஸ் மனுத்சியுஸ் என்ற அச்சகத்தார் கத்தரீனின் கடிதங்களைப் புத்தகமாகப் போட்டார். முகப்பில் கத்தரீனின் மரச்செதுக்குப் படம். கையில் இருக்கும் புத்தகத்திலும் இதயத்திலும் "இனிய இயேசுவே, அன்பே இயேசுவே" என்று சில சொற்கள், கடிதத்தை அவர் வழக்கமாக முடிக்கும் வாசகம். சாய்வெழுத்து என்று இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அது அச்சில் முதன்முதலாக வந்தது அந்த நாலைந்து சொற்களில்தான்.

அப்புறம், சண்டைக்காரி என்ற பிம்பத்தோடு பிள்ளை நின்றுவிடக் கூடாது என்றால் ஒரு கடிதம் சொல்கிறேன். ஆனால் 14 வயதுக்கு இது கொஞ்சம் கனம், நீங்களே முதலில் படியுங்கள். பெருஜியா ஊர் இளைஞன் ஒருவனுக்குச் சியன்னாவில் மரண தண்டனை, அரசியல் குற்றம். கடிதத்தில் பெயர் இல்லை, பிற்பாடு வந்தவர்கள் நிக்கொலோ தி தூல்தோ என்று அடையாளம் காட்டுகிறார்கள். கத்தரீன் சிறைக்குப் போய்ப் பார்க்கிறார். "என்கூட இருங்கள், விட்டுப் போகாதீர்கள்" என்கிறான். வெட்டுமேடைக்கு அவன் வருவதற்கு முன்பே இவர் போய்விடுகிறார். அந்தக் கட்டையில் தன் கழுத்தை வைத்துப் பார்க்கிறார். அவன் வருகிறான், இவரைக் கண்டதும் சிரிக்கிறான். சிலுவை அடையாளம் போடச் சொல்கிறான். அவன் வாயில் "இயேசு", "கத்தரீன்" என்ற இரண்டு பெயர்கள்தான். தலை இவருடைய கையில் விழுகிறது. மேலே பட்ட இரத்தத்தைக் கழுவ மனம் வரவில்லை என்று ரேமண்டுக்கு எழுதுகிறார்.

முதல்முறை படித்தபோது பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் காலத்தில் தண்டனைக் கைதியைச் சாவு வரைக்கும் கூட நின்று பார்க்க எத்தனை பேர் போயிருப்பார்கள்? பாதுகாப்பான தூரத்தில் நின்று ஜெபிப்பது வேறு.

ஜெபமாலை:
இந்தக் கடிதத்தை இத்தனை வருடத்தில் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. நன்றி.

மணப்பாட்டுக் காற்று:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்த இழையை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன் (வெட்டுமேடையை விட்டுவிட்டு). தானியெல்லா கடிதம் வந்ததும் அண்ணி "நாலு வேளையா? இன்னொருக்கா படிங்க" என்றார். பிள்ளை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போல. காலையில் இரண்டு இட்லி. கத்தரீனின் புதுமை என்று யாரும் எழுதிவிடாதீர்கள், சாம்பார் நன்றாக இருந்தது. டாக்டர் விஷயத்தையும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

கத்தரீன்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அண்ணிக்கு இப்போது வேறு ஒரு கேள்வி. "அந்தப் பொண்ணோட அம்மா என்ன பண்ணினா?" என்கிறார். லாப்பாவைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

ஏழாம் வார்டு:
இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

லாப்பா சத்தம் போடுகிற ஆள். மகளைப் பார்த்துப் பார்த்துக் கத்துவார், அழுவார், விடமாட்டார். கத்தரீன் இரட்டைப் பிள்ளை. கூடப் பிறந்த ஜொவன்னாவை வேறொருத்தியிடம் பால் கொடுக்க விட்டார்கள், அது இறந்துபோனது. கத்தரீனுக்குத் தாயே பால் கொடுத்தார், அது பிழைத்தது. மகள் தவம் என்று உடம்பை வருத்திக்கொண்டபோது, மனம் மாறட்டும் என்று விஞ்ஞோனே வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். மகள் அங்கேயும் கொதிக்கிற தண்ணீர் விழுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றாள். பிறகு உடம்பெல்லாம் கொப்புளம் வந்து படுத்தபோது, மந்தெல்லாத்தே பெண்களிடம் என்னைச் சேர்த்துவிடு, இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று மகள் பிடிவாதம். கேட்கப் போன லாப்பாவிடம் அவர்கள், பெண் அழகாக இருந்தால் எடுக்கமாட்டோம், நாங்கள் விதவைகள், வீண் பேச்சு வரும் என்றார்கள். நீங்களே வந்து பாருங்கள் என்றார் லாப்பா. தான் எதிர்த்த ஒன்றுக்காகத் தானே நடந்து போய்க் கேட்ட தாய்.

கணவர் இறந்த பிறகு அவரும் அந்தக் கறுப்புப் போர்வையை வாங்கிக்கொண்டார், மகளுக்குப் பின்னால். மகளுக்குப் பிறகும் வருடக்கணக்கில் உயிரோடு இருந்தார். அந்தத் தலை ஊர்வலமாகச் சியன்னாவுக்கு வந்தபோது கூடவே நடந்தார் என்று சொல்வார்கள். பெற்ற பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பறிகொடுத்துவிட்டு அவர் சொன்னதை ரேமண்ட் குறித்து வைத்திருக்கிறார்: கடவுள் என் உயிரை உடம்புக்குள் குறுக்காகச் செருகி வைத்துவிட்டார் போல, வெளியே வரமாட்டேன் என்கிறது.

மணப்பாட்டுக் காற்று:
அண்ணியிடம் படித்துக் காட்டினேன் அக்கா. ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்துப் பிள்ளையின் நோட்டில், இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், "லாப்பா" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.